சத்தம் போடாத வண்டியில் ஒன்பது நாள்

அக்காவுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பதற்காகக் கடல் தாண்டி வந்த ஒரே தங்கை நானாகத்தான் இருப்பேன். மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினான்கு வருடமாக ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஒன்பது நாள் லீவு கேட்டதும், கல்யாணமா, காதுகுத்தா என்று விசாரித்தார்கள். டிரைவிங் கிளாஸ் என்றேன். ஒருவர்கூட நம்பவில்லை.

விஷயம் இதுதான். செம்பாக்கத்தில் இருக்கும் என் அக்கா கோமதியின் கணவர் ஏகாம்பரம் மாமாவுக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. ஊசி போட்டு, மேலும் கெடாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எதிரே இருப்பது ஆளா தூணா என்கிற அளவுக்குத் தெரியும், அவ்வளவுதான். இனி வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமாவுக்குத் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பட்டறை. இரும்புத் தகட்டை பிரஸ்ஸில் அழுத்தி பிராக்கெட் செய்து கொடுப்பார்கள். இருபத்திரண்டு வருடமாகத் தினமும் தானே ஓட்டிக்கொண்டு போய் வந்த மனிதர். வேலைக்கு வைத்த இரண்டு டிரைவர்களையும் ஒரே வாரத்தில் அனுப்பிவிட்டார். ஒருவர் பிரேக்கை உதைக்கிறாராம். இன்னொருவர் கியர் மாற்றத் தேவையே இல்லாத வண்டியில் இடது காலால் கிளட்ச்சைத் தேடுகிறாராம். வாடகைக் கார் என்றால், திருமுடிவாக்கம் என்ற பெயரைக் கேட்டதும் கேன்சல் ஆகிவிடுகிறது. மாதக் கடைசிக்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் பட்டறையைப் பார்ட்னரிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவேன் என்று மாமா சொல்லிவிட்டார்.

"அந்த மனுஷன் ஒரு தடவை உட்கார்ந்துட்டா எழுந்திருக்க மாட்டாருடி" என்று அக்கா போனில் அழுதாள்.

"உன்கிட்டதான் லைசென்ஸ் இருக்கே?"

"லைசென்ஸ் இருக்கு. தைரியம்தான் இல்ல."

அந்தத் தைரியத்தை எடுத்துக்கொண்டுதான் நான் விமானம் ஏறினேன்.

வண்டி கருநீலம். நீளம் குறைவு, ஆனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உயரமாக நிற்கும் ஹைபிரிட் கார். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். எப்போது எதில் ஓடுவது என்று அதுவே முடிவு செய்துகொள்ளும், நம்மைக் கேட்காது. வாங்கி எட்டு மாதம் ஆகிறது. வண்டி வருவதற்கு முன்பே மாமா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு போர்டிகோவில் பதினைந்து ஆம்ப்ஸ் பிளக் பாயின்ட் போட்டு வைத்திருந்தார். வந்த பிறகுதான் தெரிந்தது, இதற்கு ஒயர் சொருக இடமே கிடையாது, ஓட ஓடத் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் என்று. அந்த பிளக்கில் இப்போது அக்காவின் கிரைண்டர் ஓடுகிறது. தெருவில் இன்னும் யாரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. முனையில் இஸ்திரி போடுகிறவர் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "கரண்ட் போச்சுன்னா வண்டிய இன்னா பண்ணுவீங்கம்மா?"

முதல் நாள் காலை சாவியை வாங்கிக்கொண்டு கம்பீரமாக இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டையும் போட்டேன். எதிரில் ஸ்டீயரிங் இல்லை. மஸ்கட்டில் அது இடது பக்கம் இருக்கும். அக்காவின் மகள் நிவேதா, பதினொன்றாம் வகுப்பு, ஸ்கூல் பையோடு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "சித்தி, நீங்கதான் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கப் போறீங்களா?" என்றாள்.

இறங்கி, சுற்றி வந்து, ஓட்டினேன். திரும்புகிற இடத்திலெல்லாம் பழக்க தோஷத்தில் இடது கையால் தட்டினேன். அங்கே எனக்கு இண்டிகேட்டர். இங்கே வைப்பர். மொட்டை வெயிலில், வேளச்சேரி ரோட்டில், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போனேன். கேம்ப் ரோடு சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற ஷேர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், மழை உங்களுக்கு மட்டும் பெய்யுதா?" ஆட்டோவில் இருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

ஹார்ன் விஷயத்துக்கு ஒரு முழு நாள் தேவைப்பட்டது. மஸ்கட்டில் ஹார்ன் அடித்தால் சண்டைக்கு இழுக்கிறோம் என்று அர்த்தம். வருடத்துக்கு இரண்டு தடவை அடித்தால் அதிகம். தாம்பரத்தில் ஹார்ன் என்பது "நான் பின்னால இருக்கேங்க" என்று மரியாதையாகச் சொல்வது. இந்த வண்டிக்கு அது ரொம்பவே தேவை. மெதுவாகப் போகும்போது இது பேட்டரியில் போகிறது, சத்தமே இல்லை. மார்க்கெட் பக்கம் முருங்கைக்காய்க் கட்டோடு நடந்து போன ஒரு அம்மாள் பின்னால் அரை நிமிடம் பூனை மாதிரி ஊர்ந்தேன். திரும்பிப் பார்த்தவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "சொல்லிட்டு வரமாட்டியா?" என்றார். அதற்குப் பிறகு நானும் தாராளமாக ஹார்ன் அடித்தேன்.

இரண்டாம் நாள் காலை ஆறு மணி இருக்கும். காபி டம்ளரோடு வாசலுக்கு வந்தால், போர்டிகோவில் நிற்கிற காரில், டிரைவர் சீட்டில், மாமா உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல்.

"மாமா! எங்க கிளம்பிட்டீங்க?"

"எங்கயும் இல்ல. சும்மா நின்னா பேட்டரி எறங்கிடும், அதான்" என்றார். ஜன்னல் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தார்.

"ஆன்ல இருக்கா?"

"காத இன்னா, மஸ்கட்லயே வுட்டுட்டு வந்துட்டியா? ஓடிகினுதான் கீது. ஏசி ஒரு சத்தம், கீழ மோட்டார் ஒரு சத்தம். ஊசி கணக்கா சன்னமா. கேளு."

கேட்டேன். பக்கத்து வீட்டுக் குக்கர் கேட்டது, காக்கா கேட்டது. வண்டி கேட்கவில்லை. மாமா தினமும் காலை இப்படிப் பத்து நிமிடம் உட்காருகிறார் என்று அக்கா பிறகு சொன்னாள். பேட்டரிக்காக என்று நானும் வைத்துக்கொண்டேன். 

அன்று சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைந்த ரோட்டில் அக்காவை உட்கார வைத்தேன். நன்றாகவே எடுத்தாள். திருப்பம் சரியாக இருந்தது. இவளுக்கு எதற்கு நான் என்று நினைக்கும்போது ஒரு எருமை குறுக்கே வந்தது. பிரேக் போட்டாள். வண்டி நின்றது, எஞ்சின் அடங்கியது. அக்கா முகம் வெளுத்துப்போய், "அய்யோ, ஆஃப் ஆயிடுச்சு" என்று ஸ்டார்ட் பட்டனை அமுக்கினாள். ஓடிக்கொண்டிருந்த வண்டி அப்போதுதான் நிஜமாக ஆஃப் ஆனது.

கோளாறு எங்கே என்று அப்போது புரிந்தது. அவள் கற்றுக்கொண்டது டிரைவிங் ஸ்கூலின் பழைய கியர் வண்டியில். அதில் சத்தம் நின்றால் வண்டி செத்தது என்று அர்த்தம். இது நிற்கும்போதெல்லாம் வாயை மூடிக்கொள்ளும் வண்டி. அன்று ஒரு மணி நேரத்தில் ஆறு தடவை உயிரோடு இருந்த வண்டியைக் கொன்றாள்.

எருமை போன பிறகும் வண்டியை எடுக்காமல் அவள் ஒரு கதை சொன்னாள். பதினோரு வருடத்துக்கு முன்னால், லைசென்ஸ் வாங்கிய புதிதில், தாம்பரம் மேம்பாலத்தில் ஏறும்போது பழைய கார் ஆஃப் ஆகிப் பின்னால் உருண்டது. பக்கத்தில் மாமா. அவர் கத்திய கத்தலில் பின்னால் வந்த ஹார்ன் சத்தமே கேட்கவில்லையாம். நடு பாலத்தில் அவளை இறக்கி, இடம் மாறி உட்காரச் சொன்னார். "பஸ் ஜன்னல்லேருந்து ஒரு பொம்பளை என்னைப் பார்த்து 'ச்சொ'ன்னாடி. அந்த 'ச்சொ' இன்னும் காதுலயே இருக்கு. அவர் பக்கத்துல உட்கார்ந்தா நான் ஓட்டவே மாட்டேன்" என்றாள்.

அவரைக் கூட்டிக்கொண்டு போகத்தானே இவ்வளவு பாடும்! ஒன்பது நாளில் நான் இரண்டு பேரைச் சரி செய்ய வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் அவளே நிவேதாவை ஸ்கூலில் விட்டாள், காய்கறி வாங்கினாள், கேஸ் அடுப்பை ரிப்பேருக்குக் கொண்டுபோனாள். பின் சீட்டை மடக்கினால் இந்த வண்டியில் ஒரு குடித்தனத்தையே ஏற்றலாம். கொளுத்துகிற வெயிலிலும் இதன் ஏசியில் ஜலதோஷமே பிடிக்கும். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஒவ்வொரு சிக்னல் வரைக்கும். சிக்னலில் நின்றதும் கை பட்டனுக்குப் போய்விடும்.

"அந்தப் பச்சை எழுத்தைப் பாரு. ரெடின்னு எரிஞ்சா உயிரோட இருக்குன்னு அர்த்தம்" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"நான் ரோட்டைப் பாக்கணுமா, எழுத்தைப் பாக்கணுமா?" என்றாள். நியாயமான கேள்வி.

பட்டன் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டலாம், தொடக்கூடாது என்று ஞாபகம் வரும் என்றாள் நிவேதா. அக்கா தன் கைப்பையிலிருந்து பெரிய சிவப்புப் பொட்டாக எடுத்து ஒட்டினாள். விளைவு, பட்டன் அம்மன் முகம் மாதிரி ஜொலித்து இன்னும் ஆசையாகக் கூப்பிட்டது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் சரியாகப் பொட்டின் நடுவிலேயே அமுக்கினாள்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நீள ரோட்டில் பழக்கலாம் என்று நானும் அக்காவும் கானத்தூர் கடற்கரைப் பக்கம் மீன் வாங்கப் போனோம். மஸ்கட்டிலும் கடல் உண்டு, மீனும் உண்டு. ஆனால் அங்கே மீன்காரர் "இன்னா முறைச்சுகினு நிக்கிற, வாங்குறதுன்னா வாங்கு, இல்ல காத்து வர வழி வுடு" என்று சொல்லமாட்டார். சொன்னவர் பெயர் தனம். அவரிடமே சங்கரா வாங்கினோம். விற்ற உரிமையில் அவர் கேட்டார், "மேடவாக்கம் வழியாவா போறீங்க? கூடையப் பார்த்தா பஸ்ல ஏத்த மாட்றான். என்னைக் கொஞ்சம் இட்டுகினு போறியாம்மா?"

புது வண்டி, மீன் கூடை. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஏற்கெனவே பழைய பெட்ஷீட்டைப் பின் சீட்டில் விரித்துக்கொண்டிருந்தாள். "ஏறுங்க" என்றாள். திரும்பும்போது அவளே ஓட்டினாள்.

இருநூறு அடி போயிருப்போம். பின்னாலிருந்து, "இன்னாம்மா, வண்டிய எடுக்கலையா?"

"போய்க்கிட்டுதான் இருக்குக்கா" என்றேன்.

தனம் வெளியே பார்த்தார். கடைகள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. "அடி ஆத்தி! பேய் வண்டியா இது?" என்றார். அப்புறம் வாய் மூடவே இல்லை. மருமகள், வலை, பஸ் கண்டக்டர், மூட்டு வலி, வஞ்சிரத்துக்கு நடுவே பழைய மீனைக் கலக்கிறவர்கள் என்று போய்க்கொண்டே இருந்தது. அக்காவும் "அப்படியா, அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினாள். சோழிங்கநல்லூர் சிக்னலில் மூன்று நிமிடம் நின்றோம். எஞ்சின் அடங்கிவிட்டது. அக்காவின் கை ஸ்டீயரிங்கை விட்டு நகரவில்லை. மேடவாக்கம் வரைக்கும் பொட்டு கலையாமல் இருந்தது.

தனம் இறங்கிய பிறகு முதல் சிக்னலிலேயே அமுக்கிவிட்டாள்.

எனக்கு விளங்கிவிட்டது. இவளுக்குப் பச்சை எழுத்து உதவாது. அந்த அமைதி வரும்போது பக்கத்தில் ஒரு மனிதக் குரல் வேண்டும். நானே பேசிப் பார்த்தேன். என் பேச்சு வாத்தியார் பேச்சாக இருக்கிறது என்றாள். பாட்டுப் போட்டோம். பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் அமுக்கினாள்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் மாமா கதவைத் திறந்து முகர்ந்தார். "சங்கரா. ஆனா வாங்குனது மட்டும் இல்ல, கூடையே வந்துகீது போல." திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "வண்டின்னா நாலு பேர் ஏறணும், எறங்கணும். இப்பதான் நம்ம வூட்டு வண்டி" என்று சொல்லிவிட்டுக் குழம்புக்குப் புளி கரைக்கச் சொல்லிப் போனார். அன்று சாப்பிட்ட சங்கரா குழம்புக்காகவே இன்னொரு தடவை டிக்கெட் போடலாம்.

ஆறாம் நாள் மாமாவிடம் நேராகவே கேட்டேன், அக்கா பக்கத்தில் உட்காருங்கள் என்று.

"வேணாம் மஸ்கட்டு. கண்ணு தெரியாம குந்திகினு, அவ எதுனா பண்ணா நான் கத்துவேன். எனக்கே தெரியும். அன்னிக்கும் கத்துனேன். அதுக்கப்புறம் அவ சாவியத் தொடவே இல்ல, பாத்தியா?"

"அதை அவகிட்ட சொல்லலாமே?"

"இன்னான்னு சொல்றது, பதினோரு வருஷம் கழிச்சு?" எழுந்து போய்விட்டார்.

ஏழாம் நாள் முழுக்க இரண்டு பேருக்கும் நடுவில் தூது போய்க் களைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எட்டாம் நாள் காலை பட்டறையிலிருந்து பார்ட்னர் போன் செய்தார். பெரிய பிரஸ்ஸில் ஏதோ சத்தம் வருகிறது, மெக்கானிக்குக்குப் பிடிபடவில்லை, நீங்கள் வந்து கேட்டால்தான் தெரியும் என்றார். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "மஸ்கட்டு, வண்டிய எடு."

நான் போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டேன். "நான் ஓட்டலை மாமா. எனக்கு வைப்பர் பிரச்சினை இருக்கு."

போர்டிகோவில் கிரைண்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதை நிறுத்தினாள், கையைக் கழுவினாள், சாவியை எடுத்தாள். மாமா தடவிப் பார்த்துக் கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நல்லவேளை, குரோம்பேட்டை தாண்டுகிற வரை சிக்னலெல்லாம் பச்சையாகவே கிடைத்தது. அப்படியும் எனக்கு வியர்த்தது. பல்லாவரம் தாண்டிப் பம்மல் ரோட்டில் திரும்பியதும் வண்டி ஒரு ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கியது. மாமா தன் பாட்டுக்குச் சொன்னார், "இது ஒண்ணு. அடுத்தது மருந்துக்கடை. அதத் தாண்டி லெப்ட்ல ஒரு பள்ளம் கீது, ரைட்ல புடிச்சிக்கோ." மருந்துக்கடை வந்தது. பள்ளமும் வந்தது. அக்கா வலது பக்கம் பிடித்தாள். இருபத்திரண்டு வருட ரோடு அவருடைய முதுகில் இருந்தது, கண்ணில் இல்லை.

அப்புறம்தான் அந்த இடம். ரோடு குறுகி, எதிரே தண்ணீர் லாரி, இடதுபுறம் ஷேர் ஆட்டோ, பின்னால் பஸ். நின்றோம். எஞ்சின் அடங்கியது. பின்னால் பஸ் ஹார்ன் அடித்தது. அக்காவின் இடது கை ஸ்டீயரிங்கை விட்டுக் கிளம்பியது. நான் என் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

மாமாவுக்குக் கை தெரிந்திருக்காது. வளையல் சத்தம் கேட்டிருக்கும்.

"கோமு, ஓடிகினுதான் கீது."

கை பாதியில் நின்றது. "உங்களுக்குத் தெரியுதா?"

"கேக்குது. நீ ரோட்டப் பாரு. வண்டிய நான் கேட்டுக்கிறேன்."

கை ஸ்டீயரிங்குக்குத் திரும்பியது. லாரி நகர்ந்தது. எங்கள் வண்டியும் சத்தமில்லாமல் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் மாமா முன்பக்கம் பார்த்தபடியே சொன்னார், "அன்னிக்கு பாலத்துல நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது."

"இப்ப பேசாதீங்க, லாரி வருது" என்றாள் அக்கா.

மாமா அடங்கிவிட்டார். எனக்கு ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது. பதினோரு வருடமாக வராத பேச்சு, இப்படியா வீணாகும்? அனகாபுத்தூர் போகும் வரை லாரிகள் வந்துகொண்டே இருந்தன. கடைசியில் ரோடு கொஞ்சம் காலியானது.

"இப்ப லாரி இல்ல. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

மாமா சொன்னார். இந்த முறை அவள் பக்கம் திரும்பிச் சொன்னார். நான் ஜன்னல் வழியாக ஒரு டயர் கடையை ரொம்ப ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணில் தண்ணீரோடு. வழியில் ஒரு தள்ளுவண்டிக் கடையில் நிறுத்தி மூன்று பேரும் செட் தோசையும் வடகறியும் சாப்பிட்டோம். அக்கா நாலு தோசை சாப்பிட்டாள். அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பட்டறையில் மாமா பிரஸ் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். பின்பக்க போல்ட் ஒன்று லூஸ் என்றார். இருந்தது. பார்ட்னரிடம், "திங்கக்கெழமையிலேருந்து வழக்கம்போல வந்துடுவேன்" என்றார்.

ஒன்பதாம் நாள் காலை என்னை விமான நிலையத்தில் விட இருவருமே வந்தார்கள். மூன்று சிக்னலில் நின்றோம். மூன்றிலும் மாமா "ஓடுது" என்றார், அக்கா தலையாட்டினாள். பெட்டியை இறக்கிவிட்டு ஜன்னல் பக்கம் குனிந்தபோதுதான் கவனித்தேன், ஸ்டார்ட் பட்டனில் பொட்டு இல்லை.

"பொட்டு எங்கக்கா?"

அக்கா கண்ணால் காட்டினாள். இடது பக்கம், மாமாவுக்கு நேர் எதிரே, டாஷ்போர்டில் ஒட்டியிருந்தது. அவருக்கு அது தெரிய வழியில்லை.

"இப்ப எனக்குப் பச்சை எழுத்து இவர்தான். அவர்கிட்ட சொல்லிடாத" என்று முணுமுணுத்தாள்.

"இன்னா குசுகுசுன்னு? எனக்குக் கேக்குதே" என்றார் மாமா. கையை நீட்டி டாஷ்போர்டை ஓரத்திலிருந்து தடவிக்கொண்டு வந்தார். விரல் பொட்டின் மேல் வந்து நின்றது. அவர் விரலை எடுக்கவில்லை.

காவலர் விசிலடித்து, எடுங்க எடுங்க என்றார். நான் டிராலியைத் திருப்பிவிட்டு மறுபடி பார்த்தேன். வண்டி எப்போது நகர்ந்தது என்றே எனக்குத் தெரியவில்லை.